பேஸ்மென்டிலும் ஒரு மேசை: லினக்ஸில் இரண்டாவது திரை எப்படி இயங்குகிறது?

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு தமிழ் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்படி இருக்கும் என்று ரொறன்ரோக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்கள் மட்டும் என்றால் குசினிக்குப் பக்கத்து மேசை போதும். பிறந்தநாள், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் என்று ஆட்கள் கூடினால் பேஸ்மென்டிலும் ஒரு மேசை விரிப்பார்கள். அடுப்பு ஒன்றுதான், சமையலும் ஒன்றுதான். மாறுவது பரிமாறும் ஏற்பாடு. ஆட்கள் போனதும் கீழ் மேசை மடிக்கப்படும். கீழே மிஞ்சிய கறி மேலே வரும்.

மடிக்கணினியில் இரண்டாவது மானிட்டரைச் செருகும்போது லினக்ஸுக்குள் நடப்பதும் இதுதான். கொரோனாவுக்குப் பிறகு இந்த நகரத்தில் பலருடைய வேலைவாரம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை டவுன்டவுன் அலுவலகத்தில் இரண்டு மானிட்டர். மாலையில் கோ ரயிலில் மடிக்கணினித் திரை மட்டும். புதன்கிழமை வீட்டில், கிஜிஜியில் மலிவாக வாங்கிய பழைய மானிட்டர். ஒரே கணினி ஒரு வாரத்துக்குள் பலமுறை ஒற்றைத் திரைக்கும் இரட்டைத் திரைக்கும் மாறவேண்டியிருக்கிறது. பெரும்பாலும் மாறிவிடும். மாறாத நாளில் கேபிளைக் கழற்றிக் கழற்றிச் செருகுகிறோம், கணினியை அணைத்துப் போடுகிறோம், கடைசியில் லினக்ஸ் என்றால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடவேண்டியதில்லை. இது ஒருவர் செய்யும் வேலையல்ல, பலர் கைமாற்றிச் செய்யும் வேலை. எந்தக் கையில் நின்றுபோனது என்று பார்க்கத் தெரிந்தால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

குசினிக்குள் யார் யார்?

கணினியின் கிராபிக்ஸ் சில்லைச் சமைப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர், எழுதும் மென்பொருள், வீடியோ காட்டும் மென்பொருள் எல்லாம் தங்களுக்கு வேண்டியதைச் சொல்ல, அவர் சமைத்து ஒரு பெரிய தட்டத்தில் அடுக்கிவைக்கிறார். அந்தத் தட்டம்தான் ஃப்ரேம்பஃபர். அது நினைவகத்தில் ஒதுக்கிய ஓர் இடம். திரையில் தெரியவேண்டிய ஒவ்வொரு புள்ளியின் நிறமும் அதில் வரிசையாக இருக்கும். சமைப்பவரின் வேலை அதோடு முடிகிறது. தட்டத்தை மேசைக்குக் கொண்டுபோவது அவர் பொறுப்பல்ல.

அதற்கு வேறு ஆள் இருக்கிறார். சில்லுக்குள்ளேயே தனியாக இருக்கும் அந்தப் பகுதிக்கு சிஆர்டிசி என்று பெயர். நாம் அவரைப் பரிமாறுபவர் என்றே அழைப்போம். தட்டத்தின் இடது மேல் மூலையில் தொடங்கி, ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை என்று, வலது கீழ் மூலை வரை புள்ளி புள்ளியாக எடுத்து அனுப்புவது அவர் வேலை. முடிந்ததும் மறுபடி மேல் மூலைக்குப் போவார். சாதாரண மானிட்டரில் இது விநாடிக்கு 60 முறை நடக்கிறது. நீங்கள் எதையும் தொடாமல் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாலும் அவர் நடை பெரும்பாலும் நிற்பதில்லை.

அந்த நடையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இரண்டாவது மேசை எவ்வளவு பெரிய பாரம் என்று விளங்கும். 1920×1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் 4 பைட் என்றால் ஒரு தட்டம் ஏறக்குறைய 8.3 மெகாபைட். விநாடிக்கு 60 நடை என்றால் ஏறக்குறைய 500 மெகாபைட்டை அவர் ஒவ்வொரு விநாடியும் நினைவகத்திலிருந்து அள்ளுகிறார். 4கே மானிட்டர் என்றால் இதன் நான்கு மடங்கு. இரண்டாவது மேசைக்கு இன்னொரு பரிமாறுபவர் வேண்டும். அவரும் அதே நினைவகத்திலிருந்துதான் அள்ளவேண்டும்.

ஒவ்வொரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. 1080 வரிசைப் படத்தை அனுப்பும்போது உண்மையில் 1125 வரிசைக்கான நேரம் ஒதுக்கப்படுகிறது. மிகுதி 45 வரிசை நேரத்தில் பரிமாறுபவர் வெறுங்கையோடு மேல் மூலைக்குத் திரும்புகிறார். ஒரு மில்லிவிநாடியின் மூன்றில் இரண்டு பங்குதான் அந்த நேரம். தட்டத்தை மாற்றுவது, அடுப்புத் தீயைக் கூட்டுவது குறைப்பது எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய அதுவே வசதியான நேரம். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பரிமாறுபவர் எடுத்ததை அந்தந்த வாசலுக்கு ஏற்ற பாத்திரத்தில் போட்டு அனுப்பவேண்டும். அதற்கு என்கோடர் இருக்கிறது. வாசல்கள்தான் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், யுஎஸ்பி-சி. மடிக்கணினியின் சொந்தத் திரைக்குப் போகும் வாசல் உள்ளேயே இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. லினக்ஸ் அதைப் பெரும்பாலும் இடிபி என்ற பெயரில் காட்டும்.

இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். குசினிக்குப் பொறுப்பாக நிற்கும் மாமி, லினக்ஸ் கர்னல். எந்த வாசலில் யார் நிற்கிறார்கள், எத்தனை பரிமாறுபவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்பதெல்லாம் மாமிக்குத்தான் தெரியும். ஆனால் எந்த விருந்தினர் எங்கே இருக்கவேண்டும் என்பதில் அவர் தலையிடமாட்டார். அதை முடிவு செய்கிறவர் விருந்துக்கு அழைத்த வீட்டுக்கார அக்கா. நோம் டெஸ்க்டாப்பில் மட்டர், கேடிஇயில் க்வின் என்று அவருக்குப் பெயர். பழைய எக்ஸ் முறையில் எக்ஸ் சர்வரும் டெஸ்க்டாப்பும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. மாமி செய்துகொடுப்பார், அக்கா முடிவெடுப்பார். இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டால் லினக்ஸில் திரை மாறும் கதையில் குழப்பமே இல்லை.

அழைப்பு மணி

கேபிளைச் செருகியதும் முதலில் நடப்பது படம் அல்ல, மணி. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டு கேபிளிலும் இதற்கென்றே ஒரு கம்பி இருக்கிறது. மானிட்டர் அதில் மின்னழுத்தத்தை உயர்த்தினால் வாசலில் ஆள் வந்துவிட்டார் என்று பொருள். விழுந்தால் போய்விட்டார். டிஸ்ப்ளேபோர்ட்டில் இன்னொரு நயம் உண்டு: அரை முதல் ஒரு மில்லிவிநாடிவரை மட்டும் விழுந்து எழுந்தால் ‘உள்ளேதான் இருக்கிறேன், ஒன்று சொல்லவேண்டும்’ என்பது அர்த்தம், 2 மில்லிவிநாடிக்கு மேல் விழுந்தே கிடந்தால்தான் ஆள் போய்விட்டதாகக் கணக்கு.

சில டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்களோடு பலரும் படும் பாட்டுக்குக் காரணம் இங்கேயே இருக்கிறது. தேநீர் குடிக்க எழும்பிப் போகிறீர்கள், மானிட்டர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது, அந்தக் கம்பியையும் விட்டுவிடுகிறது. மாமி உண்மையைத்தான் சொல்கிறார்: கீழ் மேசையில் யாரும் இல்லை. அக்கா மேசையை மடித்து அங்கிருந்த எல்லாச் சாளரங்களையும் மேலே கொண்டுவந்துவிடுகிறார். நீங்கள் திரும்பிவரும்போது எல்லாம் ஒரே திரையில் குவிந்து கிடக்கிறது. எச்டிஎம்ஐயில் இது குறைவு. அங்கே மானிட்டருக்குள் இருக்கும் அடையாளச் சில்லுக்கு வேண்டிய 5 வோல்ட்டைக் கணினியே கேபிள் வழியாகக் கொடுப்பதால், அணைத்து வைத்த மானிட்டர்களும் பல வேளை இருப்பதாகவே சொல்லும். சில டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்களின் பட்டியில், உறங்கும்போதும் இணைப்பைப் பிடித்துவைக்கும் ஒரு தெரிவு இருக்கும். லினக்ஸில் தேடி அலைவதற்கு முன் அதைத் தேடுங்கள்.

மணி அடித்ததும் மாமி கேட்கும் முதல் கேள்வி: நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்? மானிட்டர் ஒரு சீட்டை நீட்டும். அதற்கு எடிட் என்று பெயர். வெசா என்ற அமைப்பு 1994-இல் வகுத்த வடிவம் அது. அடிப்படைச் சீட்டின் நீளம் 128 பைட் மட்டுமே. தயாரித்த நிறுவனத்தின் மூன்றெழுத்துக் குறி, மாதிரி எண், தொடர் எண், தயாரித்த ஆண்டு, திரையின் அகல உயரம் சென்டிமீட்டரில், ஏற்கக்கூடிய பட அளவுகள், அவற்றில் தனக்கு மிகவும் பிடித்தது எது என்பதெல்லாம் அந்த 128 பைட்டுக்குள் அடங்கும். ஒரு மூன்றாந்தலைமுறைப் பழைய மானிட்டரும் புத்தம்புதிய லினக்ஸும் ஒன்றையொன்று முன்பின் அறியாமலே பேசிக்கொள்ள முடிவது இந்தச் சீட்டால்தான். இவ்வளவு சிறிய ஏற்பாடு இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதை நினைத்தால் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

சீட்டு வந்து சேராவிட்டால்? கிஜிஜியில் வாங்கிய மானிட்டரில் விஜிஏ வாசல் மட்டும் இருக்கும். நடுவில் ஒரு மலிவு அடாப்டர் போடுவோம். அது படத்தைக் கடத்தும், சீட்டைக் கடத்தாது. விருந்தினர் வாசலில் நிற்கிறார், வாய் திறக்கிறார் இல்லை. அப்போது மாமி யாருக்கும் ஆபத்தில்லாத உணவையே கொடுப்பார்: 1024×768க்கு மேற்படாத அளவுகள். நல்ல 1080 திரையில் எழுத்தெல்லாம் பெருத்து மங்கலாகத் தெரிந்தால் மானிட்டர் கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம். சீட்டு தொலைந்திருக்கிறது. அடாப்டரை மாற்றுவதுதான் முதல் வைத்தியம்.

பரிமாறுபவர்கள் எத்தனை பேர்?

வாசல்களை எண்ணிவிட்டு அத்தனை மானிட்டர் போடலாம் என்று நினைப்பது பலரும் நம்பும் பிழையான கணக்கு. மேசைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வாசல் அல்ல, பரிமாறுபவர்கள். இன்டெல்லின் 2011 தலைமுறையான சாண்டி பிரிட்ஜில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஐவி பிரிட்ஜில் மூன்று பேர். பழைய மடிக்கணினியை டொக்கில் வைத்து இரண்டு வெளி மானிட்டர்களைப் போட்டால், மடிக்கணினித் திரையை அணைத்த பிறகே மூன்றாவது திரை எரியும். கோளாறு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் வேலையில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மார்க்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 1985-இல் கே. வை. ஹோ, லீ லாவ், பென்னி லாவ், பிரான்சிஸ் லாவ் என்ற சீன வம்சாவளியினர் தொடங்கிய ஏடிஐ நிறுவனம் வளர்ந்தது மார்க்கத்தில்தான். 2006-இல் ஏஎம்டி அதை 540 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. ஹைவே 7-ஐ ஒட்டிய கொமர்ஸ் வலி டிரைவில் ஏஎம்டியின் பெரிய அலுவலகம் இன்றும் இயங்குகிறது. நம்மவர்கள் தினமும் காரில் கடந்துபோகும் சாலை அது. 2009 செப்டெம்பரில் ஐஃபினிட்டி என்ற பெயரில் ஒரே கிராபிக்ஸ் அட்டையிலிருந்து ஆறு மானிட்டர்கள் வரை ஓட்டும் வசதியை அறிமுகப்படுத்தியது இந்த மரபு. கனடாவில் இதற்கு முன்னோடியும் உண்டு: மொன்றியல் அருகே டோர்வலில் இருக்கும் மட்ரொக்ஸ் நிறுவனம் 1999-இல் ஜி400 அட்டையை இரட்டைத் திரைக்காகவே விளம்பரப்படுத்தி விற்றது.

ஐஃபினிட்டி அட்டைகளில் ஒரு நிபந்தனை இருந்தது. அது பலரைக் குழப்பியது: மூன்றாவது மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட்டில்தான் இருக்கவேண்டும். ஏன்? எச்டிஎம்ஐ, டிவிஐ, விஜிஏ மேசைகள் ஒவ்வொன்றும் தனக்கேயான தாளத்தில் பரிமாறச் சொல்லும். அந்தத் தாளத்தைக் கொடுக்கும் கடிகாரங்கள் சில்லுக்குள் இரண்டுதான் இருந்தன. டிஸ்ப்ளேபோர்ட் மேசைகள் அப்படியல்ல. எல்லாம் ஒரு பொதுக் கடிகாரத்துக்கு ஒத்துப்போகும். பரிமாறுபவர்கள் ஆறு பேர் இருந்தும் தாளம் போடுபவர் இருவர் என்பதால் வந்த நிபந்தனை அது.

மார்க்கத்துக்கும் லினக்ஸுக்கும் இடையிலான உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. 2007-இல் ஏஎம்டி தன் சில்லுகளின் விவரங்களைத் திறந்துவிட்டது நல்ல தொடக்கம். 2016 டிசம்பரில் மானிட்டர்களை ஓட்டுவதற்கான தன் புதிய நிரலைக் கர்னலில் சேர்க்க முன்வைத்தபோது, கிராபிக்ஸ் பகுதியின் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி மறுத்துவிட்டார். விண்டோஸ் குசினிக்கும் லினக்ஸ் குசினிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு தடித்த அடுக்கை வைத்து எழுதியிருந்தார்கள். எங்கள் குசினியில் எங்கள் முறைப்படி செய்யுங்கள் என்பது ஏர்லியின் நிலை. திருத்தி எழுத ஏறக்குறைய ஓராண்டு ஆனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட அந்த நிரல் 2018 ஜனவரியில் வந்த 4.15 கர்னலில் சேர்ந்தது. 2017-இல் வெளியான வேகா அட்டைகளை வாங்கியவர்கள், கூடுதல் நிரல் எதையும் சேர்க்காமல் மானிட்டரில் படம் பார்க்க அதுவரை காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த மறுப்பு சரி என்றே நான் கருதுகிறேன். இன்று ஏஎம்டி அட்டை போட்ட கணினியில் இரண்டாவது மானிட்டரைச் செருகியதும் பேச்சுமூச்சில்லாமல் அது எரிகிறதென்றால், அந்த ஓராண்டு உழைப்புக்கும் அதில் பங்கு உண்டு.

அக்கா முடிவெடுக்கிறார்

சீட்டை வாசித்த மாமி, அக்காவை நோக்கி ஒரு குரல் கொடுப்பார்: வாசலில் ஏதோ மாற்றம். அவ்வளவுதான் செய்தி. அக்கா வந்து ஒவ்வொரு வாசலாகக் கேட்டு, யார் வந்திருக்கிறார், யார் போயிருக்கிறார் என்று புதிய பட்டியல் எடுப்பார். பிறகு திட்டம் போடுவார்: இந்த மேசைக்கு இந்தப் பரிமாறுபவர், இந்த அளவு, இந்த இடம்.

பழைய முறையில் திட்டத்தை ஒவ்வொன்றாக நிறைவேற்றவேண்டியிருந்தது. முதல் மேசை சரி, இரண்டாவது முடியாது என்று பாதியில் தெரியவந்தால் இரண்டும் கெட்ட நிலை. 2015-இல் வந்த 4.2 கர்னலிலிருந்து, முழுத் திட்டத்தையும் ஒரே தொகுப்பாக நிறைவேற்றும் ‘அட்டாமிக்’ முறை எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இப்போது அக்கா முழுத் திட்டத்தையும் ஒரே சீட்டில் எழுதி, ‘மாமி, இது முடியுமா? இப்போதைக்குச் செய்யவேண்டாம், சொன்னால் போதும்’ என்று முதலில் கேட்கலாம். நினைவகம் ஈடுகொடுக்குமா, கடிகாரம் போதுமா என்று மாமி பார்த்துப் பதில் சொல்வார். முடியாது என்றால் அக்கா அளவைக் குறைத்து மறுபடி கேட்பார். சரி என்றால் எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். இடையில் பாதி வெந்த நிலை இல்லை.

இடம் ஒதுக்குவதில்தான் பழைய எக்ஸ் முறையும் புதிய வேலண்ட் முறையும் வேறுபடுகின்றன. எக்ஸில் இரண்டு மேசைக்கும் ஒரே நீளத் தட்டம். இரண்டு 1920×1080 மானிட்டர்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் தட்டத்தின் அளவு 3840×1080. முதல் பரிமாறுபவர் இடது பாதியிலிருந்தும், மற்றவர் 1920-ஆவது புள்ளி தொடங்கி வலது பாதியிலிருந்தும் எடுப்பார்கள். உயரம் குறைந்த மானிட்டர் ஒன்று சேர்ந்தால் தட்டத்தின் ஒரு மூலை எந்த மேசைக்கும் போகாமல் கிடக்கும். இரண்டு திரையிலும் ஒரே படம் வேண்டுமென்றால் இருவரும் ஒரே பகுதியிலிருந்து எடுப்பார்கள். வகுப்பில் பாடம் நடத்துபவர்களுக்கு அதுவே தேவை. கீழே விரிக்கும் மேசையை மேல் மேசையின் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லும் கருவிதான் எக்ஸ்ரேண்டர். ஜிம் கெட்டிஸும் கீத் பாக்கார்டும் 2001-இல் முன்வைத்த விரிவாக்கத்திலிருந்து வந்தது அது. அதற்கு முன்பு திரை ஏற்பாட்டை மாற்ற அமைப்புக் கோப்பைத் திருத்தி, திறந்திருந்த எல்லாவற்றையும் மூடி, எக்ஸை மறுபடி தொடக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மானிட்டர்களைச் சேர்க்கவும் கழற்றவும் வழிசெய்த 1.2 பதிப்பு 2007-இல் வந்தது.

ஒரே தட்டத்தின் குறை, மேசைகள் இரண்டும் ஒரே மாதிரி இல்லாதபோது தெரியும். மடிக்கணினியில் நெருக்கமான புள்ளிகள் கொண்ட 4கே திரை, பக்கத்தில் பழைய 1080 மானிட்டர். ஒன்றில் எழுத்து சரியாக இருந்தால் மற்றதில் பூதமாகவோ எறும்பாகவோ தெரியும். வேலண்ட் முறையில் மேசைக்கு ஒரு தட்டம். இதற்கு இருமடங்கு பெருக்கம், அதற்கு அப்படியே என்று அக்கா தனித்தனியாக அடுக்கலாம். விநாடிக்கு 144 நடை கேட்கும் மானிட்டரும் 60 கேட்கும் மானிட்டரும் ஒன்றையொன்று பிடித்திழுக்காமல் இயங்கவும் இதுவே வசதி. வித்தியாசமான இரண்டு மானிட்டர்களை வைத்திருப்பவர் இன்னும் எக்ஸில் இருந்தால், மாறிப் பார்க்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

மடிப்பதும் நினைவில் வைப்பதும்

இரட்டையிலிருந்து ஒற்றைக்குத் திரும்புவது எளிது என்று தோன்றும். உண்மையில் அதுதான் கவனம் கேட்கும் வேலை. கேபிளை உருவியதும் பரிமாறுபவர் விடுவிக்கப்படுகிறார். ஆனால் கீழே இருந்த சாளரங்கள்? நோமும் கேடிஇயும் அவற்றை மேல் மேசைக்கு எடுத்துவரும். எக்ஸில் எளிய சாளர மேலாளர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மானிட்டர் போய்விட்டாலும் தட்டத்தின் வலது பாதி அப்படியே இருக்கும். கீழ் மேசையை மடிக்கும்படி யாரும் சொல்லாததால், இப்போது இல்லாத அந்த மேசையிலேயே சாளரம் காத்துக்கொண்டிருக்கும். எக்ஸ்ரேண்டரை ஆட்டோ என்ற ஒரே தேர்வோடு ஓட்டினால் இணைப்பில் இல்லாத வாசல்கள் மூடப்பட்டு எல்லாம் திரும்பும்.

அவசரத்துக்குக் கைவசம் இருக்கவேண்டியது ஒரு விசைச் சேர்க்கை: சூப்பர் விசையோடு பி. நோம், கேடிஇ இரண்டிலும் அது ஒரே படம், சேர்ந்த படம், வெளித்திரை மட்டும், உள்திரை மட்டும் என்று மாற்றித் தரும். அலுவலகக் கூட்ட அறையில் புரொஜெக்டர் முன் நிற்கும்போது பட்டியல்களைத் திறந்து தேடவேண்டியதில்லை.

அலுவலக மேசைக்கு ஓர் ஏற்பாடு, வீட்டுக்கு வேறு ஏற்பாடு என்பதை அக்கா எழுதிவைத்துக்கொள்கிறார். நோமில் அந்தக் குறிப்பு மானிட்டர்ஸ் என்ற பெயருள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு மானிட்டரையும் வாசலின் பெயர், நிறுவனம், மாதிரி, தொடர் எண் என்று நான்கு விவரங்களால் அடையாளம் வைக்கிறார். சீட்டில் தொடர் எண் இருப்பதன் பயன் இங்கே தெரிகிறது. பார்க்க ஒரே மாதிரியான இரண்டு மானிட்டர்களை இடம் வலம் மாறாமல் வைக்க அது வேண்டும். வாசலின் பெயரும் அடையாளத்தில் ஒரு பகுதி என்பதால் ஒரு விளைவும் உண்டு. அதே மானிட்டரை வேறு வாசலில் செருகினால் அக்காவுக்கு அவர் புது விருந்தினர். சில யுஎஸ்பி-சி டொக்குகளில் கழற்றிச் செருகும்போது வாசலின் எண் தானே மாறிவிடுவதால் ஒவ்வொரு காலையும் ஏற்பாடு மறந்துபோகும். எக்ஸில் இருப்பவர்கள் ஆட்டோரேண்டர் என்ற கருவியைப் பயன்படுத்தலாம். அது மானிட்டரின் சீட்டையே கைரேகையாக வைத்து ஏற்பாட்டைக் கண்டுபிடிக்கிறது. வேலண்டில் ஸ்வே போன்ற சாளர மேலாளர்களுக்குக் கான்ஷி என்ற கருவி அதே வேலையைச் செய்யும்.

மூடியைப் பற்றியும் ஒரு சொல். வெளி மானிட்டர் இருக்கும்போது மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் கணினி உறங்கப்போகாமல் இருப்பது, லினக்ஸில் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் இயல்பான அமைப்பு. டொக்கில் இருந்தாலோ ஒன்றுக்கு மேற்பட்ட திரை இருந்தாலோ அது மூடியைப் பொருட்படுத்தாது. உங்களுடையது உறங்கினால், வெளி மானிட்டரை மாமி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றோ, யாரோ அமைப்பை மாற்றியிருக்கிறார்கள் என்றோ கொள்ளலாம்.

அடுப்புத் தீ

இரண்டாவது மானிட்டரைப் போட்டதும் சும்மா இருக்கும் கணினியின் கிராபிக்ஸ் அட்டை சூடாகிறது, விசிறி கேட்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஏஎம்டி அட்டைகளில் இது பலரும் கண்ட சங்கதி. காரணம் அந்த 45 வரிசை இடைவெளி. வேலை குறைந்ததும் நினைவகத்தின் வேகத்தைக் குறைக்க அட்டை விரும்புகிறது. தீயைக் குறைக்கும் அந்தக் கணத்தில் தட்டத்திலிருந்து யாரும் அள்ளக்கூடாது. அள்ளினால் திரை ஒரு கணம் வெட்டி மின்னும். ஒரே மேசை என்றால் பரிமாறுபவர் திரும்பி நடக்கும் நேரத்தில் குறைத்துவிடலாம். இரண்டு மேசைகள் வெவ்வேறு தாளத்தில் இயங்கினால், ஒருவர் திரும்பும்போது மற்றவர் அள்ளிக்கொண்டிருப்பார். இருவரும் ஒன்றாக வெறுங்கையோடு நிற்கும் கணம் நம்பத்தக்கபடி கிடைப்பதில்லை. ஆகவே தீ உயரத்திலேயே எரிகிறது. இரண்டு மானிட்டரையும் ஒரே அளவு, ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தால் பல அட்டைகளில் இது தணியும். 144-ஐ 120 ஆக்குவதும் சிலருக்கு உதவுகிறது.

இனி, இரண்டாவது மானிட்டர் எரியாமல் அடம்பிடிக்கும் காலை. அமைப்புகளை நோண்டுவதற்கு முன் மாமியைக் கேளுங்கள். ‘சிஸ்’ அடைவில் ‘கிளாஸ்’, அதற்குள் ‘டிஆர்எம்’ என்று போனால் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் ஸ்டேட்டஸ் என்ற சின்னக் கோப்பில் இணைப்பு உண்டு அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கும். இல்லை என்றால் மணியே அடிக்கவில்லை: கேபிள், டொக், மானிட்டரில் தெரிவுசெய்த உள்வாசல் இவற்றைப் பாருங்கள். உண்டு என்றிருந்து, பக்கத்தில் மோட்ஸ் என்ற கோப்பில் 1024×768க்கு மேல் எதுவும் இல்லையென்றால் சீட்டு வரவில்லை, அடாப்டரைச் சந்தேகியுங்கள். இரண்டும் சரி என்றால் பிரச்சினை அக்காவிடம். திரை அமைப்புப் பக்கத்தில் அந்த மானிட்டர் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அல்லது பழைய குறிப்பு ஒன்று குறுக்கே நிற்கும். நோமில் அந்த மானிட்டர்ஸ் கோப்பைப் பெயர் மாற்றிவிட்டு வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் அக்கா புதிதாகத் திட்டம் போடுவார். அங்கும் எல்லாம் இயங்குவதாகக் காட்டி, 4கே மானிட்டர் மட்டும் கறுப்பாக இருந்தால் வேகத்தை 60 ஹெர்ட்ஸிலிருந்து 30-க்கு இறக்கிப் பாருங்கள். 60-க்கு எச்டிஎம்ஐ 2.0-இன் 18 கிகாபிட் வழி வேண்டும், 1.4 வாசலும் அந்தக் காலத்துக் கேபிளும் 10.2 கிகாபிட்டுக்கு மேல் தாங்காது. 30-இல் படம் வந்துவிட்டால் லினக்ஸில் செய்ய ஒன்றுமில்லை, கேபிளையோ டொக்கையோ மாற்றவேண்டும்.